ரெண்டு பத்திரிகை வாங்கும் டீக்கடை

நீரோடியில் எங்கள் தெருமுனை டீக்கடைக்கு ரெண்டு பத்திரிகை வரும், ஒன்று தமிழ், ஒன்று மலையாளம். நாலு எட்டு வைத்தால் பொழியூர், அது கேரளம். காலையில் சாயா குடிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் எழுத்துக் கூட்டித் தமிழ் படிப்பார்கள், மீதிப் பேர் எழுத்துக் கூட்டி மலையாளம் படிப்பார்கள். என்னைப் போல ரெண்டும் படிக்கிற சிலர் மட்டும் இந்தத் தாளில் பெரிதாக வந்தது அந்தத் தாளில் எந்த மூலையில் கிடக்கிறது என்று தேடுவோம். பல நாள் கிடைக்கவே கிடைக்காது.

2025 ஆகஸ்ட் கடைசி வாரத்தில், அமெரிக்கா நம் சரக்குகள் மேல் போட்ட வரி 50 சதவீதமாக ஏறிய சமயம், அந்தக் கடையில் ஒரு தகராறு. அதில் பாதி வரி ரஷ்ய எண்ணெய் வாங்குவதற்கான தண்டனை என்று அவர்கள் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார்கள். கொச்சியில் ஏதோ கம்பெனியில் வேலை பார்க்கிற பக்கத்து வீட்டுப் பையன் கொதித்துப் போயிருந்தான். இந்தியா இப்போது பழைய இந்தியா இல்லை, யாருக்கும் பணிய வேண்டியதில்லை, ரஷ்யாதான் என்றைக்கும் நம் கூட நின்ற நாடு, நம் எண்ணெயை எங்கே வாங்குவது என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனான். சொன்னதில் பெரிய தப்பு ஒன்றுமில்லை. பக்கத்தில் பழம்பொரியைப் பிய்த்து ஊதிக்கொண்டிருந்த என் தாய்மாமா, முப்பது வருஷம் தூண்டில் போட்டில் ஸ்ராங்காக, அதாவது போட்டை ஓட்டுகிறவராக இருந்தவர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: “எடே, பத்து கோடிக்கு ரெண்டு உசுரை முடிச்சு விட்ட நாடுதான இது? நீ என்ன பேசுக?”

கடையில் பேச்சு நின்றுபோனது. பத்து கோடி என்றால் எங்கள் கரையில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. 2012 பிப்ரவரி 15, என்ரிகா லெக்ஸி என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பல், கரையிலிருந்து சுமார் 20 கடல் மைல், அதில் காவலுக்கு இருந்த ரெண்டு இத்தாலியக் கடற்படைக்காரர்கள் சுட்டு நம் போட்டில் ரெண்டு பேர் செத்துப்போனது, ஒருவர் கொல்லத்துக்காரர், இன்னொருவர் எங்கள் குமரி மாவட்டத்துக் கடற்கரைப் பையன். ஒன்பது வருஷம் கழித்து, 2021 ஜூன் 15 அன்று, இத்தாலி கட்டிய 10 கோடியை வாங்கிக்கொண்டு உச்ச நீதிமன்றம் வழக்கை மூடியது. குடும்பத்துக்கு 4 கோடி வீதம், போட்டுக்கு 2 கோடி.

என்னை உறுத்தியது மாமா சொன்னது அல்ல. அந்த வாசகம் என்னுடையது. 2021-ல் வழக்கு மூடிய அன்று ராத்திரி முகநூலில் நீளமாக எழுதியிருந்தேன், பத்து கோடி, விலை, மானம் என்றெல்லாம். மாமாவுக்கு அதைப் படித்துக் காட்டியதும் நான்தான். நாலு வருஷம் கழித்து என் சொல் அவர் வாயிலிருந்து வந்தபோது, இதில் என்னவோ சரியில்லையே என்று தோன்றியது. தப்பு என்றும் சொல்ல முடியவில்லை. அதற்கப்புறம் ரெண்டு மாதம், ஜெராக்ஸ் கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் இதையேதான் தோண்டிக்கொண்டிருந்தேன்.

யாரோ இழுத்த கோடு

முதலில் ஒரு விஷயம், 2012-ல் எங்களில் யாருக்கும் தெரியாது. சோமாலியக் கடற்கொள்ளைப் பயம் உச்சத்தில் இருந்த 2010-ல், ‘அதிக ஆபத்துப் பகுதி’ என்று ஒரு கட்டத்தைக் கப்பல் தொழில்காரர்கள் கிழக்கே 78 டிகிரி தீர்க்கரேகை வரை நீட்டினார்கள். கன்னியாகுமரி இருப்பது ஏறக்குறைய எழுபத்தேழரை டிகிரியில். முழுக் கேரளக் கரையும் எங்கள் கரையும் ஒரே இழுப்பில் கொள்ளைக்காரர் கடலாகிவிட்டது. எந்த நாடும் சட்டம் போட்டு இழுத்த கோடு அல்ல அது, ஐ.நா. இழுத்ததும் அல்ல. ஆனால் கோட்டுக்குள் வரும் கப்பலுக்கு இன்சூரன்ஸ் ஏறும், துப்பாக்கிக் காவல் ஏறும். இத்தாலி 2011-ல் தன் கடற்படை ஆட்களையே வணிகக் கப்பலில் ஏற்றி அனுப்பச் சட்டம் கொண்டுவந்ததும் இந்தப் பயத்தில்தான்.

கடலில் என்ன நடக்கும் என்று மாமாவிடம் கேட்டால் சொல்வார். மைல் கணக்கில் தூண்டில் கயிறு விட்டிருக்கும்போது கப்பல் ஒன்று அதன் மேல் வருகிறது என்றால் ஸ்ராங்கு சும்மா இருக்க முடியாது. கயிறு போனால் பல லட்சம் போச்சு. போட்டைக் கப்பலுக்கு எதிரே ஓட்டிப் போய், ஆள்களை மேலே ஏறித் துணியை வீசச் சொல்லி, ஹாரன் அடித்து, கெட்ட வார்த்தை சொல்லி, எப்படியாவது அதைத் திருப்பப் பார்ப்பார். மாமா இதை நூறு முறை செய்திருக்கிறார். நாலு மாடி உயரத்தில் துப்பாக்கியோடு நிற்கிறவன் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று அவர் 2012-க்கு முன்னால் யோசித்ததே இல்லை.

2008-லிருந்து ஏடன் வளைகுடாவில் நம் கடற்படைக் கப்பல் காவலுக்கு நிற்கிறது. அந்தக் கோட்டை மாற்றச் சொல்லி டெல்லி பல முறை கேட்டது. அது 65 டிகிரிக்குப் பின்வாங்கியது 2015 டிசம்பர் 1 அன்று. ரெண்டு பேர் செத்து மூன்றே முக்கால் வருஷம் கழித்து. அணுகுண்டு வைத்திருக்கிற, விமானந்தாங்கிக் கப்பல் வைத்திருக்கிற நாடு, தன் வீட்டு வாசலில் யாரோ இழுத்த கோட்டை அழிக்க அத்தனை நாள் மன்றாட வேண்டியிருந்தது. நான் 2021-ல் எழுதியபோது இது தெரிந்திருந்தால் ஒருவேளை இன்னும் காட்டமாக எழுதியிருப்பேன். அல்லது எழுதாமலே இருந்திருப்பேன், தெரியவில்லை.

2013 மார்ச், அந்தப் பதினொரு நாள்

எல்லாம் திரும்பித் திரும்பி வந்து நிற்கிற இடம் 2013 மார்ச். அப்போது நான் கொச்சியில் தோப்பும்படி துறைமுகத்தில் எங்கள் ஊர் போட்டுகளுக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன், கோயில் விசேஷத்துக்கு லீவு போட்டு ஊருக்கு வந்திருந்தேன். அந்த ரெண்டு இத்தாலியர்களையும் தேர்தலில் ஓட்டுப் போட்டுவிட்டு வரச் சொல்லி நாலு வாரம் ஊருக்கு அனுப்பியிருந்தது உச்ச நீதிமன்றம். தூதர் கையெழுத்துப் போட்டு உறுதி கொடுத்திருந்தார். (ஓட்டுப் போட ரோமுக்கு. எங்கள் ஆள்கள் வருஷத்தில் பாதி நாள் கொச்சியில் கிடந்து, ஊரில் தேர்தல் அன்றைக்குக் கடலில் இருப்பார்கள். அதை விடுங்கள்.) மார்ச் 11 அன்று, அவர்களைத் திருப்பி அனுப்ப மாட்டோம் என்று இத்தாலி சொல்லிவிட்டது. 14 அன்று, இத்தாலியத் தூதர் டேனியேல் மன்சினி இந்தியாவை விட்டுப் போகக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது.

அந்த வாரம் முழுக்க டீக்கடையில் மலையாளப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் தூதர். தமிழ்ப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் ஜெனீவா. இலங்கையைப் பற்றி ஐ.நா. மனித உரிமைக் கவுன்சிலில் அமெரிக்கா கொண்டுவந்த தீர்மானம், லயோலா மாணவர்கள் தொடங்கி வைத்த உண்ணாவிரதம் தமிழ்நாடு முழுக்கப் பரவியது, இந்தியா தீர்மானத்தைக் கடுமையாக்க வேண்டும் என்ற கோஷம். எங்கள் மாவட்டத்துப் பையனைக் கொன்றவர்கள் ஓடிப்போன செய்தி தமிழ்த் தாளில் உள்ளே எங்கோ ஒரு பெட்டியில். மலையாளத் தாளில் ஜெனீவா உலகச் செய்திப் பக்கத்தில். எனக்கு வந்த கோபம் இன்றும் ஞாபகம் இருக்கிறது. செத்தது நம் ஆள், அவனுக்காகச் சத்தம் போடுவது மலையாளிகளா என்று யாரிடமோ கத்தினேன்.

இப்போது தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தபோதுதான் பொறி தட்டியது. ரெண்டு தாளும் ஒரே ஆளைப் பற்றி, டெல்லியைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருந்தன. மார்ச் 11, இத்தாலி மறுப்பு. 14, தூதருக்குத் தடை. 19, தி.மு.க. தன் 18 மக்களவை உறுப்பினர்களோடு கூட்டணியை விட்டு வெளியேறுகிறது, ஜெனீவாவுக்காக. 21, ஜெனீவாவில் ஓட்டெடுப்பு, 25 பேர் ஆதரவு, 13 பேர் எதிர்ப்பு, இந்தியா ஆதரவுப் பக்கம். 22, இத்தாலியர்கள் ரெண்டு பேரும் டெல்லியில் வந்து இறங்குகிறார்கள். டெல்லியில் வெளியுறவுத் துறை இருந்த சவுத் பிளாக்கில் அந்தப் பதினொரு நாளும் தூங்கியிருக்க மாட்டார்கள். அதே கட்டடத்தில், அனேகமாக அதே மேஜைகளில், ஒரு காதில் எர்ணாகுளமும் இன்னொரு காதில் சென்னையும் கத்திக்கொண்டிருந்தன. எங்கள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும்தான் ரெண்டும் சேர்ந்து கேட்டிருக்க வேண்டும், எனக்குக் கேட்கவில்லை.

இலங்கை விஷயத்தில் டெல்லிக்கு இருந்த நெருக்கடி தமிழர்களுக்குப் புதிதல்ல, சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன். ஒரு நாட்டைக் குறிவைத்துத் தீர்மானம் போடுவதை இந்தியா வழக்கமாக எதிர்க்கும். 2009 மே மாதம் இலங்கைக்குச் சாதகமான தீர்மானத்துக்குக் கை தூக்கியது. 2012-லும் 2013-லும் இலங்கைக்கு எதிராக ஓட்டுப் போட்டது. 2014-ல் ஓட்டே போடாமல் உட்கார்ந்துவிட்டது. நடுவில் என்ன நியாயம் மாறியது? ஒன்றும் மாறவில்லை. சென்னை எவ்வளவு அழுத்துகிறது, கொழும்பு எவ்வளவு தூரம் சீனாவின் பக்கம் சாய்கிறது, இந்த ரெண்டில் எது அந்த மாதம் கனமாக இருந்ததோ அதன்படி தராசு ஆடியது.

இத்தாலி விஷயம் இதைவிடச் சிக்கல். அப்போது ஆண்ட காங்கிரஸின் தலைவர் சோனியா காந்தி பிறந்தது இத்தாலியில், எதிர்க்கட்சிக்கு அது போதும். ஒரு மாதம் முன்னால்தான், பிப்ரவரியில், இந்தியாவுக்கு ஹெலிகாப்டர் விற்ற பேரத்தில் லஞ்சம் என்று அந்த இத்தாலியக் கம்பெனித் தலைவரை அவர்கள் ஊர் போலீசே கைது செய்திருந்தது. கொஞ்சம் மென்மையாகப் பேசினாலும் ‘மாமியார் வீட்டுப் பாசம்’ என்பார்கள். ஆகவே மென்மையாகப் பேச முடியாது. கடுமையாக நடக்கவும் முடியாது, ஏனென்றால் 1961 வியன்னா ஒப்பந்தம், தூதரைத் தொடக் கூடாது என்பது அதன் உயிர்நாடி. ஐரோப்பிய ஒன்றியம் அதைச் சுட்டிக்காட்டி எச்சரித்தது. நாங்கள் கடையில் உட்கார்ந்து, தொட்டால் என்ன ஆகும், தூக்கி உள்ளே போடு என்றோம். சரி, ஒன்பது மாதம் கழித்து, அதே வருஷம் டிசம்பரில், நியூயார்க்கில் நம் துணைத் தூதரகப் பெண் அதிகாரி தேவயானி கோப்ரகடேயைக் கைது செய்து துணியை அவிழ்த்துச் சோதனை போட்டார்கள். அன்றைக்கு இந்தியா முழுக்க வியன்னா, வியன்னா என்று கத்தியது. மார்ச்சில் தூதரைத் தூக்கி உள்ளே போட்டிருந்தால் டிசம்பரில் எந்த வாயால் கத்தியிருப்போம்?

22-ம் தேதி அவர்கள் திரும்பி வந்ததும் கடையில் ஒரே கொண்டாட்டம். இத்தாலிய வெளியுறவு அமைச்சர் நாலு நாளில் ராஜினாமா செய்தார். ஐரோப்பிய நாடு ஒன்று எங்களிடம் பணிந்துவிட்டது என்று மாமாவே அன்று எல்லோருக்கும் சாயா வாங்கிக் கொடுத்தார். நானும் குடித்தேன். அவர்களை வரவழைக்க டெல்லி என்ன கொடுத்தது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. தூக்குத் தண்டனை கேட்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்திருந்தது.

நான் இங்கேதான் ரொம்ப நாள் நின்றேன். வழக்கு கைவிட்டுப் போனது 2021-லும் அல்ல, 2020-லும் அல்ல, நாங்கள் சாயா குடித்துக் கொண்டாடிய அன்றைக்கே. வழக்கு தேசியப் புலனாய்வு முகமையிடம் போகிறது. அவர்கள் கையில் எடுத்த கடல் பாதுகாப்புச் சட்டத்தில், கொலை என்றால் தூக்கு. வெளியுறவுத் துறை தூக்கு இல்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறது. உள்துறை ஒரு பக்கம் இழுக்கிறது, சட்டத்துறை ஒரு பக்கம், வெளியுறவு ஒரு பக்கம். ஒரு வருஷம் இதிலேயே போய், 2014 பிப்ரவரியில் அந்தச் சட்டமே வேண்டாம் என்று அரசு நீதிமன்றத்தில் சொன்னது. அதற்குள் ஐரோப்பா முழுக்க இது கடற்கொள்ளைச் சட்டத்தில் ராணுவ வீரர்களை மாட்டிவிடும் வழக்கு என்று பேர் கெட்டுவிட்டது. கடைசிவரை குற்றச்சாட்டுகூடப் பதிவாகவில்லை. சாட்சி ஒருவர் கூண்டில் ஏறவில்லை. வெளிநாட்டு அழுத்தம் அழுத்தம் என்கிறோம், என் கணக்கில் அதில் பாதிக்கு மேல் டெல்லிக்குள்ளேயே ஒரு கட்டடத்துக்கும் இன்னொரு கட்டடத்துக்கும் நடந்த இழுபறி. கேரள போலீசிடமே வழக்கு இருந்து, சாதாரண இந்திய தண்டனைச் சட்டத்தில், கொல்லம் கோர்ட்டில் முதல் வருஷமே விசாரணை தொடங்கியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை என்று 2013 ஜனவரியிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அதுவும் சட்டப்படி சரிதான், 12 கடல் மைலுக்கு வெளியே.

மதினியின் போன்

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன், மதினியிடம் கேட்டேன், பேர் போடாமல் எழுது என்றாள். அண்ணன் மனைவி 2009-லிருந்து இத்தாலியில், ரோமுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் தனியாக இருக்கும் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்கிற வேலை. நம் பகுதியிலிருந்தும் கேரளத்திலிருந்தும் அப்படிப் போனவர்கள் நிறைய. அந்த மார்ச் வாரத்தில் ஒருநாள் ராத்திரி போன் பண்ணினாள். கிழவி டிவி பார்த்துக்கொண்டு அழுகிறாளாம், நம் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பப் போகிறார்களே, அங்கே தூக்கில் போட்டுவிடுவார்களே என்று. அவளுக்கு சூப்பை ஊட்டிக்கொண்டே மதினியும் டிவி பார்த்திருக்கிறாள். நீ அந்தப் பக்கத்துக்காரியா என்று கிழவி கேட்டிருக்கிறாள். “இல்ல, அது ரொம்ப தூரம், நான் வேற பக்கம்னு சொல்லிட்டேன் தம்பி,” என்றாள் மதினி. செத்தவனின் ஊருக்கும் எங்கள் வீட்டுக்கும் இடையில் ஆட்டோ ஓடும்.

அப்புறம் தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தாள். தங்கும் பர்மிட் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறாள், வீட்டுக்காரப் பெண் கையெழுத்துப் போட வேண்டும். நீ முகநூலில் ஏதாவது எழுதுகிறாய் என்றால் என் பேரை அதில் மாட்டாதே, முடிந்தால் இந்த வாரம் ஒன்றும் எழுதாதே. அண்ணனுக்கு அப்போது வேலை இல்லை, பிள்ளைகள் ரெண்டும் அவள் அனுப்பும் பணத்தில் படித்தன. நான் எழுதவில்லை. ஏன் இந்த விஷயத்தில் வாயே திறக்கவில்லை என்று கேட்ட நண்பனிடம், விசேஷ வேலை, நிலைமையைக் கவனித்து வருகிறேன் என்றேன். வெளியுறவுத் துறைப் பேச்சாளர் தோற்றார்.

டீக்கடைக்காரருக்கும் இப்படி ஒன்று உண்டு. அவர் மச்சான் 1990-ல் குவைத்தில் மாட்டிக்கொண்டவர். அந்த ஆகஸ்டில் நம் வெளியுறவு அமைச்சர் குஜ்ரால் பாக்தாத்துக்குப் போய், பக்கத்து நாட்டைப் பிடித்து வைத்திருந்த சதாமைக் கட்டிப்பிடித்த போட்டோ உலகம் முழுக்க வந்து நாறியது. அந்த மச்சான் உட்பட ஒன்றே முக்கால் லட்சம் பேர் வரை அம்மான் வழியாக ஏர் இந்தியாவில் ஊர் வந்து சேர்ந்தார்கள். ஆறு மாதம் கூட ஆகவில்லை, ஆட்சி மாறி, கஜானாவில் டாலர் இல்லாமல், அதே சதாம் மேல் போருக்குப் போகிற அமெரிக்க விமானங்களுக்கு நம் விமான நிலையங்களில் எண்ணெய் ஊற்றிக் கொடுத்தோம். உள்நாட்டில் எதிர்ப்புக் கிளம்பியதும் அதையும் நிறுத்தினோம். கொள்கை என்று பார்த்தால் சிரிப்பு வரும். கடைக்காரரிடம் சொன்னால், “கட்டிப்பிடிச்சா என்ன, உம்மா கொடுத்தா என்ன, ஆளு வந்து சேந்தான்ல” என்பார்.

ராக்கெட் ஒரு பக்கம், ஹேக் ஒரு பக்கம்

எங்கள் பகுதியில் தும்பா, வலியமலை, மகேந்திரகிரி என்று ஏதாவது ஒரு ராக்கெட் மையத்தில் வேலை பார்க்கிற ஒரு சொந்தக்காரராவது இல்லாத குடும்பம் குறைவு. அவர்களில் வயதானவர்களிடம் கிரையோஜெனிக், அதாவது மிகக் குளிர்ந்த எரிபொருளில் ஓடும் ராக்கெட் எஞ்சின், என்று சொல்லிப் பாருங்கள். 1992-ல் அமெரிக்கா தடை போட்டு, அடுத்த வருஷம் ரஷ்யா கைவிரித்து, எஞ்சினைத் தருகிறேன், தொழில்நுட்பம் தர மாட்டேன் என்ற கதை வரும். நம் சொந்த கிரையோஜெனிக் எஞ்சின் ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட்டை வெற்றிகரமாக ஏற்றியது 2014 ஜனவரியில். அந்தத் தடைக்குச் சாக்காக இருந்தது ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு அமைப்பு என்கிற கிளப். அதே கிளப்பில் சேர 2015-ல் இந்தியா மனுப் போட்டபோது இத்தாலி முட்டுக்கட்டை போட்டதாகச் செய்தி வந்தது. அங்கே ஒரு ஆள் வேண்டாம் என்றால் போதும், கதவு திறக்காது. 2016 மே கடைசியில், இந்தியாவில் இருந்த ரெண்டாவது இத்தாலிய வீரரும் ஊருக்குப் போனார். ஜூன் 27 அன்று இந்தியா உறுப்பினரானது. ரெண்டுக்கும் தொடர்பு உண்டு என்று எந்த அரசும் சொல்லவில்லை. நாள்காட்டி சொல்கிறது.

இத்தாலி இந்த விவகாரத்தைக் கொண்டுபோன ஹேக் நகரத்து சர்வதேச நடுவர் மன்றத்தின் தீர்ப்பு எனக்குப் பெரிய தலைவலி. 2020 மே மாதம் முடிவு, ஜூலையில் வெளியே வந்தது. சுடப்பட்டது தப்பு, நம் போட்டின் கடற்பயண உரிமையை இத்தாலி மீறியது, இழப்பீடு தர வேண்டும். ஆனால் சுட்டவர்கள் அரசு வேலையில் இருந்த ராணுவத்தினர், இந்திய நீதிமன்றம் அவர்களை விசாரிக்க முடியாது. குப்பையில் போடு என்று 2021-ல் நான் எழுதினேன். சீனா 2016-ல் தென்சீனக் கடல் தீர்ப்பைக் கிழித்துப் போடவில்லையா? போட்டது. அந்தத் தைரியம் அவர்களிடம் இருக்கிறது, சீனாவோடு வியாபாரத்தை யாரும் நிறுத்திவிடவில்லை. நாம் 2014-ல் வங்காள விரிகுடாவில் தகராறில் இருந்த 25,602 சதுர கிலோமீட்டரில் 19,467 சதுர கிலோமீட்டரை வங்கதேசத்துக்குக் கொடுத்த தீர்ப்பை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டோம், பார், நாங்கள் சீனா மாதிரி இல்லை என்று அதன் பிறகு எல்லா மேடையிலும் சொன்னோம். பாகிஸ்தான் மரண தண்டனை விதித்த குல்பூஷன் ஜாதவுக்காக 2017-ல் நாமே அதே ஹேக் நகரத்தில் இன்னொரு நீதிமன்றக் கதவைத் தட்டினோம். இத்தனையும் செய்துவிட்டு, நமக்குப் பிடிக்காத தீர்ப்பை மட்டும் எப்படிக் குப்பையில் போடுவது? அதோடு இன்னொன்று: வேலையாகப் போன ராணுவத்தானை அடுத்த நாடு விசாரிக்கக் கூடாது என்ற விதி, ஐ.நா. அமைதிப்படைக்கு ஆயிரக்கணக்கில் ஆள் அனுப்புகிற நாட்டுக்கும் வேண்டியிருக்கிறது.

கத்தாரில் நம் முன்னாள் கடற்படைக்காரர்கள் எட்டுப் பேருக்கு 2023 அக்டோபரில் மரண தண்டனை விதித்தபோது, அதில் ஒருவர் திருவனந்தபுரம் மாவட்டத்துக்காரர். எங்கள் கடையில் அன்று எல்லோரும் இத்தாலியர்கள் 2013-ல் பேசியதையே பேசினார்கள். எப்படியாவது கொண்டு வா, எதையாவது கொடு. 2024 பிப்ரவரி 12-ல் விடுதலைச் செய்தி வந்தது, அதற்கு ஆறு நாள் முன்னால்தான் 2048 வரை கத்தாரிடம் எரிவாயு வாங்க ஒப்பந்தம் போட்டிருந்தோம். கடையில் இனிப்பு கொடுத்தார்கள். அந்த எரிவாயு என்ன விலை என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மாமாவின் கேள்வி

இதையெல்லாம் போன மாதம் மாமாவிடம் போய்ச் சொன்னேன். கடலுக்குப் போவதை விட்டு நாலைந்து வருஷமாகிறது, கை சும்மா இருக்காது, திண்ணையில் உட்கார்ந்து மருமகன் போட்டுக்குத் தூண்டில் முள் கட்டிக்கொண்டிருந்தார். 78 டிகிரி, மார்ச் வாரம், ராக்கெட், ஹேக் எல்லாம் ஒரு மணி நேரம் சொன்னேன். நடுவில் நைலான் கயிறைப் பல்லால் கடித்து இழுப்பதைத் தவிர வேறு சத்தம் வரவில்லை. பத்து கோடிக்கு விற்றது என்று நான் எழுதியது தப்பு மாமா, விற்கவில்லை, ஆனால் காப்பாற்றவும் இல்லை, என்றேன். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அந்த ஹேக்குல எத்தனைக்கு எத்தனை?”

விசாரிக்க முடியாது என்ற முடிவுக்கு மூன்று பேர், முடியும் என்றவர்கள் ரெண்டு பேர் என்றேன். முள் கட்டுவதை நிறுத்திவிட்டார். ஒரு ஓட்டா என்றார். யார் யார் என்றார். முடியாது என்றவர்களில் ஒருவர் இத்தாலியர், ஒருவர் கொரியர், தலைவராக இருந்தவர் ரஷ்யர். மாமா சத்தமாகச் சிரித்தார், வெற்றிலை தெறிக்க. “ரஷ்யாக்காரனா? அந்தப் பக்கத்து வீட்டுப் பயகிட்ட போய்ச் சொல்லு முதல்ல.” அவர்கள் நாட்டுக்காக உட்காருவதில்லை மாமா, தனித்தனி நீதிபதிகள் மாதிரி என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டார், நம்பியதாகத் தெரியவில்லை. நம் பக்கம் சொன்ன ரெண்டு பேர் யார்? ஒருவர் இந்தியர். அது சரி, அவர் சொல்லித்தானே ஆக வேண்டும். இன்னொருவர்? ஜமைக்காக்காரர், நீதிபதி ராபின்சன்.

“அவருக்கு நம்ம மேல என்ன?”

தெரியவில்லை என்றேன். ஜமைக்கா எங்கே இருக்கிறது என்று கேட்டார். செல்போனில் வரைபடத்தைத் திறந்து கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கயிறு அறுத்துக் காய்த்துப்போன ரெண்டு விரலால் தீவைப் பெரிதாக்கினார், இன்னும் பெரிதாக்கினார். கரையை ஒட்டியே விரலை மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார். கொஞ்ச நேரம் கழித்து, இங்கே அழிமுகம் எந்தப் பக்கம் மக்களே, போட்டு ஏறுகிற இடம் எது என்று கேட்டார்.